முனியாண்டி ரியான்ஷ் என்றால் சிரிப்பார்களா?

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் பேர் வைக்கிற விஷயம்தான். மலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பிள்ளை பெறுகிறார்களோ என்னவோ, சரி, சந்தோசம். நான் 26 வருசம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்த்தவள். அனுமதிப் பதிவேட்டில் பேர் எழுதி எழுதியே விரல் காய்ச்சுப்போனது. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து 19 நாள். ரியான்ஷ் என்று வைக்க எனக்கு ஆசை. கணவர் பேர் முனியாண்டி. சேர்த்துச் சொன்னால் முனியாண்டி ரியான்ஷ் என்று வருகிறது, நாத்தனார் சிரிக்கிறார். அண்ணன் பேரை முழுசாக எழுதாதே, எம் என்று மட்டும் போடு, பிள்ளை கொழும்பில் படிக்கப் போனால் கேலி பண்ணுவார்கள் என்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். என்ன செய்வது?
ஒரு அம்மா, கொட்டகலை

தங்கச்சி, அவர் ஏன் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? தன் பேரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கி ஒளித்து வைக்கலாமா என்று கூடப்பிறந்தவளும் பெண்டாட்டியும் முன்னால் உட்கார்ந்து பேசினால் அந்த மனுசன் என்னத்தைச் சொல்வார்.

முனியாண்டி, கருப்பையா, மாடசாமி, மாரியாயி எல்லாம் நம் பாட்டன் பூட்டன் காடு வெட்ட வந்தபோது கூடவே கொண்டுவந்த சாமி பேர்கள். வந்த இடத்திலும் சும்மா இருக்கவில்லை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகுமுன் கும்பிடக் கவ்வாத்துசாமி, ஃபெக்டரிச் சக்கரமான ரோதைக்கு ரோதமுனி என்று வேலைக்கொரு சாமி வைத்துக்கொண்ட சனம் நாம். கண்டிக்காரர் முரளிதரனைப் பாருங்கள். முத்தையா என்பது அவர் பேர் இல்லை, அப்பா பேர். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அந்த முத்தையா, 800 டெஸ்ட் விக்கெட்டோடு சேர்ந்து உலகத்துப் பத்திரிகை எல்லாவற்றிலும் அச்சாகிவிட்டது. 800 விக்கெட் எடுத்தவரை யார் சிரிப்பார் என்று உங்கள் நாத்தனார் கேட்பார். கேட்கட்டும், அதிலும் நியாயம் இருக்கிறது.

இப்போது எம் விஷயம். பிறப்புச் சான்றிதழில் எம் என்று ஒற்றை எழுத்தை விட்டால் அது அப்படியே பிள்ளையோடு வளரும். நாளைக்கு ஏதாவது ஒரு மேசையில் எம் என்றால் என்ன, விரித்து எழுது என்பார்கள், அந்த விரிவுக்கு ஆதாரம் தேடி அவன் அலைய வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எம். ரியான்ஷ் என்று சுருக்கி எழுதிக்கொள்ளலாம், ஆனால் பிறப்புப் பதிவில் அப்பா பேர் முழுசாக இருக்கட்டும்.

அப்புறம், கோவிக்காதீர்கள், அந்தச் சேர்க்கை காதில் இடறுகிறது என்றால் அதற்குக் காரணம் முனியாண்டி இல்லை, ரியான்ஷ்தான். 'ண்டி' என்று முடிந்த கையோடு 'ரி' என்று தொடங்குகிறது, வேகமாகச் சொன்னால் முனியாண்டிரியான்ஷ் என்று ஒரே கட்டியாகிவிடும். கடைசியில் 'ன்ஷ்' என்று இரண்டு மெய் ஒட்டி நிற்கிறது. லயத்து வாசலில் நின்று அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்றாவது தடவை "ரியான்சூ" ஆகிவிடும், பக்கத்துக் காம்பராப் பாட்டி வாயில் அது "ராயன்சு". எழுதுகிறவர்களும் விட மாட்டார்கள், ரியான்ஸ், ரயான்ஸ், ரியான்ஸ் கடைசியில் ஓர் உகரம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். இகரத்தில் முடிகிற அப்பா பேருக்குப் பின்னால் வல்லெழுத்தோ மெல்லெழுத்தோ நன்றாக ஊன்றி நிற்கிற சின்னப் பேர் பொருந்தும். முனியாண்டி கவின், முனியாண்டி சேரன், முனியாண்டி நிலவன். சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வருகிறதா? உயிரெழுத்தில் தொடங்கினால் நடுவில் ஒரு யகரம் தானாக நுழையும், முனியாண்டி அகிலன் என்பது பேச்சில் முனியாண்டியகிலன் ஆகும். எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு எப்படியோ.

இன்னொன்று இருக்கிறது, பேர் வைக்கிற நேரத்தில் ஒருத்தரும் இதை யோசிப்பதில்லை. நமக்கு வெள்ளைக்காரன் மாதிரி தலைமுறை தலைமுறையாக வருகிற சர்நேம் கிடையாது. தொண்டமான் குடும்பம் மாதிரி, சௌமியமூர்த்திக்குப் பிறகு பேரன் ஆறுமுகன், அவர் மகன் ஜீவன் என்று ஒரே பேரை எல்லோரும் பின்னால் வைத்துக்கொள்வது நம்மில் அபூர்வம். மற்றவர்களுக்கு அப்பா பேர்தான் சர்நேம், அது ஒரு தலைமுறையோடு சரி. முந்தி தாத்தா பேரைப் பிள்ளைக்கு வைத்ததால் ஒரு குடும்பத்தில் இரண்டே பேர் மாறி மாறி வந்தது, கருப்பையா மகன் முனியாண்டி, முனியாண்டி மகன் கருப்பையா. பேரன் என்ற சொல்லே பேரைத் தாங்குகிறவன் என்றுதான் வந்தது என்பார்கள். இப்போது அது விட்டுப்போனது. அப்படியென்றால் நீங்கள் இன்றைக்கு மகனுக்கு வைப்பது இன்னும் முப்பது வருசத்தில் உங்கள் பேத்திக்கு முன்னால் குடும்பப் பேராக நிற்கும். "ரியான்ஷ் ஷர்மிளா" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சிக்குகிறது இல்லையா? "கவின் ஷர்மிளா" சிக்காது.

அதற்கும் பிறகு ரியான்ஷ்தான் வேண்டும் என்றால் வையுங்கள், பிள்ளை உங்களுடையது. முனியாண்டியை மட்டும் மறைக்காதீர்கள். இன்றைக்கு ராத்திரி அவரிடமே ஒரு தடவை கேளுங்கள், உங்களுக்கு என்ன பேர் பிடிக்கும் என்று. இத்தனை நாளும் யாராவது கேட்டிருப்பார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

கணவர் பேர் அருணாசலம். மகளுக்கு மங்களா என்று மாமியார் ஆசையாகச் சொல்கிறார். வைக்கலாமா?
வாசகி, மஸ்கெலியா

ஆங்கிலத்தில் ஏ. மங்களா, ஒரு தொந்தரவும் இல்லை. தமிழில் இனிஷியல் போட்டு வாசியுங்கள். அ. மங்களா. புள்ளியை விழுங்கிவிட்டு ஒருத்தர் படித்தால் அமங்களா. பாவம், மாமியார் நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அகரத்தில் தொடங்குகிற அப்பாக்களுக்கு இந்தக் கண்டம் உண்டு. சுபா வைத்தால் அசுபா, கீர்த்தி வைத்தால் அகீர்த்தி, ரூபன் வைத்தால் உருவமே இல்லாத அரூபன். மற்ற எழுத்துகளில் சில நேரம் நல்லதும் நடக்கும். மதி என்ற பிள்ளை சுப்பையாவுக்குப் பிறந்தால் சுமதி, கோபாலுக்குப் பிறந்தால் கோமதி. நான் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பேருக்கு இரண்டு பிள்ளை எழும்பி நின்றதெல்லாம் உண்டு. மங்களாதான் வேண்டும் என்றால் அ என்று ஒற்றையாக விடாமல் அரு. மங்களா என்று எழுதிப் பழக்குங்கள், நம் ஆட்கள் பழைய காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள், பார்க்கவும் அழகு.

மகளுக்குத் தர்ஷினி என்று முடிவு பண்ணிவிட்டோம். எண்சாத்திரக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு எச் சேர்த்து இரண்டு எச்சாகப் போடச் சொல்கிறார், அப்போதுதான் கூட்டுத்தொகை 32 வருமாம், அதிர்ஷ்டமாம். நான் சந்திரசேகரன். சேர்க்கலாமா?
ஒரு அப்பா, பண்டாரவளை

தம்பி, அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். அவர்கள் முறையில் எழுத்துக்கு 1 முதல் 8 வரை மதிப்பு, எச்சுக்கு 5. வழக்கமாக எழுதுகிற தர்ஷினி, அதாவது ரி-எச் (TH) போட்டுத் தொடங்குவது, கூட்டினால் 27 வருகிறது. இன்னொரு எச் போட்டால் 5 கூடி 32. வித்தை அவ்வளவுதான். அதே சமயம் ரி-க்குப் (T) பதிலாக டி (D) போட்டுத் தொடங்கினாலும் அதே 27 வரும், ஏனென்றால் அவர்கள் முறையில் ரி-க்கும் டி-க்கும் ஒரே 4. ஆக, பிள்ளையின் பேரை ஊரார் எப்படி வாசிக்கப்போகிறார்கள் என்பதை முடிவு பண்ணுகிற எழுத்து எதுவோ அது அவர் கணக்கிலேயே வரவில்லை. அவர் கூட்டினது தர்ஷினியை மட்டுமா, சந்திரசேகரனையும் சேர்த்தா? அதையும் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் இரண்டும்தானே வரும்.

நம் தொல்லை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். தமிழில் ஒரு த-தான். அது எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்று நமக்குப் பழக்கத்தில் தெரியும், எழுத்தில் தெரியாது. சிங்களத்தில் அந்த ஒரு த-வுக்கு நாலு எழுத்து இருக்கிறது. க, ப எல்லாவற்றுக்கும் அப்படித்தான். கஜன் என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் யானையைச் சொல்கிற கஜனா, கடலைக்குப் போடுகிற க-வா என்று சிங்களத்தில் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் தனக்குத் தோன்றியதை எழுதுவார், அதைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் அடிப்பார், அதைப் பார்த்து மூன்றாவது ஆள் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவருவார். அதற்குள் யாழினி யாலினி ஆகிவிடுவாள், ஏனென்றால் ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எல்-தான்.

முரளிதரனுக்கே இது நடந்தது. ஆரம்பத்தில் இருந்தே ஸ்கோர்போர்டில் ரி-எச் போட்டுத்தான் எழுதினார்கள். 2007இல் அவுஸ்திரேலியாவில் வோர்ன், முரளிதரன் இரண்டு பேர் பேரிலும் கிண்ணம் வைத்தபோது உங்கள் பேரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டார்கள், டி போட்டு எழுதிக் கொடுத்தார். அத்தனை வருசம் விளையாடின பிறகு. இன்றைக்கும் இரண்டு விதமாகவும்தான் எழுதுகிறார்கள்.

அவர் முரளிதரன், எப்படி எழுதினாலும் ஆளைத் தெரியும். என் கதையைக் கேளுங்கள். என் பேரில் நியமனக் கடிதத்தில் யாரோ கூடுதலாக ஒரு எச் போட்டுவிட்டார்கள். வேலை செய்த காலம் முழுக்க அது ஒரு மூலையில் சும்மா கிடந்தது. ஓய்வூதியத்துக்குப் போன அன்றைக்கு எழும்பி வந்து வழியை மறித்துக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற ஆளும் நியமனக் கடிதத்தில் இருக்கிற ஆளும் நான்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருசம் ஆனது. சத்தியக் கடதாசி, சமாதான நீதவான் கையெழுத்து, கிராம சேவகர் கடிதம், பஸ் காசு. என் அம்மா கதை இதைவிட மோசம். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர், சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். சேமலாப நிதி எடுக்கப் போனால் இந்த மூன்று பொம்பளையில் நீங்கள் யார் என்று கேட்டார்கள். நம் லயத்தில் இந்தக் கதை இல்லாத வீடு இருந்தால் சொல்லுங்கள்.

அதனால் அந்த இரண்டாவது எச் வேண்டாம். ரி-எச்சா, டி-யா என்பதை மட்டும் நீங்களும் மனைவியும் வாயால் சொல்லிப் பார்த்து முடிவு பண்ணுங்கள். நம் நாட்டில் த-வுக்கு ரி-எச் பழகிப்போனது, வாசிக்கிறவர்களுக்கும் குழப்பம் குறைவு, நான் அதைத்தான் சொல்வேன். சந்திரசேகரனிலும் உங்கள் சான்றிதழில் எத்தனை ஏ, எத்தனை எச் இருக்கிறதோ அதே எழுத்துதான் பிள்ளையின் பேரோடு போக வேண்டும். ராஜா, ராஜ், சேகர் என்று முடிகிற அப்பாக்களில் பாதிப் பேருக்குத் தன் பேரின் கடைசியில் எச் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. போய்ச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

பிள்ளை திருவாதிரை நட்சத்திரம். கு, க, ங, ச என்று ஐயர் எழுதிக் கொடுத்தார். ங-வில் என்ன பேர் இருக்கிறது?
வாசகர், நானுஓயா

ஒன்றும் இல்லை தம்பி. ஙப்போல் வளை என்று பாட்டி படித்ததோடு அந்த எழுத்தின் வேலை முடிந்தது. மிச்சம் மூன்று இருக்கிறதே, குமரனும் கண்ணனும் சரவணனும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

என் தம்பி டோஹாவில் வேலை செய்கிறான். அங்கே எல்லோரும் அவனை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். எனக்கு இப்போது மகள் பிறந்திருக்கிறாள். அவள் பேரை முன்னால் போடுவதா, என் பேரை முன்னால் போடுவதா?
வாசகர், ஹப்புத்தளை

உங்கள் தம்பிக்கு நடந்ததுதான் என் மகனுக்கும். நாம் அப்பா பேரை முன்னால் எழுதிப் பிள்ளை பேரைப் பின்னால் எழுதுகிறோம். உலகத்தில் பாதிப் பேர் கடைசியில் இருப்பதைத்தான் குடும்பப் பேர் என்று நினைக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் அவனுடைய சொந்தப் பேர் குடும்பப் பேர் இடத்தில் விழுந்தது, அப்பா பேர் மற்றப் பேர்கள் இடத்தில் விழுந்தது. வேலைத்தலத்தில் அட்டையில் முதலில் இருக்கிற பேரைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். மேற்பார்வையாளர் பகல் முழுக்க என் புருசன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டு இருந்தாராம். இவரிடம் சொன்னபோது கவலைப்படுவார் என்று பார்த்தேன். "என் பேரை டோஹா வரைக்கும் கொண்டுபோய்விட்டான் பார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இரண்டு முறையிலும் எழுதலாம். பிள்ளை வெளிநாடு போகக்கூடும் என்று நினைத்தால் அவள் பேர் முன்னால், உங்கள் பேர் பின்னால் இருப்பது சிக்கல் குறைவு. ஆனால் மூத்த பிள்ளை இருந்தால் அதற்கு எந்த முறையில் பதிந்தீர்களோ இதற்கும் அதையே செய்யுங்கள். அண்ணனுக்கு அப்பா பேர் முன்னால், தங்கச்சிக்குப் பின்னால் என்று இருந்தால் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று வேறு நாட்டுக்காரருக்கு விளங்கவைக்கப் படாதபாடு படவேண்டும். பேரை முன்னால் போடும்போது சேர்க்கையின் ஓசையும் மாறிவிடும், அதையும் சொல்லிப் பாருங்கள். செல்வராஜ் ஜனனி என்றால் இரண்டு ஜ மோதிச் செல்வராஜனனி ஆகும், ஜனனி செல்வராஜ் என்று திருப்பினால் ஒழுங்காக ஓடும். சுப்பிரமணியம் யமுனாவும் அப்படித்தான், திருப்பினால் பிழைத்துக்கொள்ளும்.

பேர் இன்னும் முடிவாகவில்லை, வீட்டில் சண்டை. பதிவுக்கு நாள் போகிறது. என்ன செய்வது?
வாசகி, பூண்டுலோயா

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அப்புறம் ஒவ்வொரு கடிதமாகக் கேட்பார்கள், அந்த வேலையே வேண்டாம். சண்டை முடியாவிட்டால் பேர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டுப் பிறகு பேரைச் சேர்க்க வழி இருக்கிறது. கோபத்தில் வைத்த பேரை மாற்ற அலைவதைவிட அது லேசு. பிள்ளை பிறந்த இடம் எந்தப் பதிவாளர் பிரிவோ அங்கேதான் போக வேண்டும், உங்கள் தோட்டம் எந்தப் பிரிவு என்பது கணக்கில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் இருந்து தமிழும் அரச கரும மொழிதான், கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். போகும்போது ஒரு கடதாசியில் பேரைத் தமிழிலும், ஆங்கிலப் பெரிய எழுத்திலும், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதிக்கொண்டு போங்கள். கீழே அப்பா பேரையும் அவர் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். வாயால் சொல்லாதீர்கள், கடதாசியைக் கொடுங்கள். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பேனாவும் கொண்டு போங்கள், அங்கே கயிற்றில் கட்டித் தொங்குகிற பேனா நான் போன நாளில் ஒருநாளும் எழுதினதில்லை.